வார்டுக்கு ஒன்றுதான்

அத்தியாயம் ஒன்பது

அண்ணன் லிப்ட் மெக்கானிக்; ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனால் அன்று காலை அண்ணனே லிப்ட் ஆகிவிட்டான்.

கீழ்வீட்டிலிருந்து மாடியில் இருக்கும் தங்கையிடம் போய், "சாப்பிட வரச் சொல்றா" என்றான்.

மாடியிலிருந்து கீழே மனைவியிடம் வந்து, "பசிக்கலயாம்" என்றான்.

மறுபடியும் மாடி ஏறினான். "பசிக்கலேன்னா சந்தோஷமாம். ஆனா மத்தியானம் ஹால்ல நீ மயங்கி விழுந்தா, எதிராளிய பட்டினி போட்டுட்டான்னு ஊர் சொல்லுமாம். அந்தப் பேரு அவளுக்கு வேண்டாமாம்."

அடுத்த தடவை பாதிப் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மேலேயும் கேட்கிற மாதிரி, கீழேயும் கேட்கிற மாதிரி கத்தினான்.

"லிப்ட் ரிப்பேர்! இனிமே ரெண்டு பேரும் படியில நடந்து வந்து பேசிக்குங்க!"

மாடியில் பாப்பா சிரித்துவிட்டாள். கீழே அண்ணியும் சிரித்திருக்கலாம். குழாய் தண்ணீர் கொட்டிய சத்தத்தில் கேட்கவில்லை.

பாப்பாவுக்கு வயது நாற்பதைத் தொடப்போகிறது. மாநகரப் பேருந்து ஓட்டுகிறாள். டிப்போவில் அவள் அதட்டினால் மீசை வைத்த கண்டக்டர்களே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். வீட்டில் மட்டும் அவள் கடைக்குட்டி. அண்ணனுக்குப் பெண் பிறந்ததும் பட்டம் கைமாறும் என்று எதிர்பார்த்தாள். குழந்தைக்கு 'வாண்டு' என்று பேர் வைத்துவிட்டு, இவளைப் பாப்பாவாகவே வைத்துக்கொண்டார்கள்.

அண்ணிக்கும் பாப்பாவுக்கும் இத்தனை வருஷத்தில் ஒரு மனஸ்தாபம் வந்ததில்லை. இப்போது வந்ததற்குக் காரணம் மாநகராட்சி.

இந்த வருஷ பட்ஜெட்டில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு பங்கை எடுத்து வைத்து, அதில் என்ன செய்வதென்று அந்தந்த வார்டு மக்களே கூடி முடிவு பண்ணட்டும் என்று அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் கோரிக்கை வைக்கலாம். வைத்தார்கள். ஒரு தெரு விளக்குக் கேட்டது. அடுத்த தெரு, அந்த விளக்கு தங்கள் கண்ணில் குத்தாமல் இருக்கத் தடுப்புக் கேட்டது. சலித்துச் சலித்து, போன வாரம் கடைசியில் இரண்டே இரண்டு மிஞ்சின. இரண்டும் இந்த ஒரே வீட்டிலிருந்து போனவை! ஒன்றுக்குத்தான் பணம்; எதற்கென்று இந்த ஞாயிறு மத்தியானம் ஓட்டு.

ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் தேங்காமல் வழி செய்யவேண்டும் என்பது பாப்பாவின் கோரிக்கை. போன மழைக்காலத்தில் அவளுடைய பேருந்துதான் அங்கே மாட்டியது. இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு அணைந்தது. தண்ணீர் படி ஏறி, சீட்டு வரை வந்துவிட்டது. பின்பக்க ஜன்னல் வழியாக ஒவ்வொருவராக இழுத்து மேலே விட்டாள். எல்லோரும் பிழைத்தார்கள். ஆனாலும் இன்றைக்கும் அந்தச் சரிவில் வண்டியைத் திருப்பினால், அவளைக் கேட்காமலே கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது.

அண்ணி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கேட்டது ஒரு குழந்தைகள் காப்பகம். ஷிப்ட் மாற்றி மாற்றி வேலைக்குப் போகிற பெண்கள் நம்பி விட்டுவிட்டுப் போக ஓர் இடம். வாண்டுவைப் பகலில் மாமனார், அதாவது பாப்பாவின் அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில், வாண்டு கதவைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டாள். பழக்கடைக்காரர் பார்த்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து விட்டார். வீட்டில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அண்ணி கோரிக்கையைக் கொடுத்துவிட்டாள்.

மாமனாருக்கு அது சுருக்கென்று தைத்தது. 'என்னை நம்பாமல் ஊரில் காப்பகம் கேட்கிறாள்' என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாண்டுவின் கையை ஒரு நிமிஷம்கூட விடுவதில்லை. குளிக்கப் போகும்போது பேத்தியைக் குளியலறை வாசலில் உட்கார வைத்து, உள்ளேயிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார்.

ஓட்டு நாள் காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மருமகளிடம் கேட்டார்.

"எனக்கும் ஓட்டு உண்டாம்மா?"

"உண்டு மாமா."

"யாருக்குப் போடுவேன்னு கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்க."

அவர் கடைசிப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அண்ணி அருகே வந்து, அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

பாப்பா முன்னாலேயே கிளம்பிவிட்டாள். கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்து வாசலில் அவளை வழிமறித்தவர் மாஜி.

மாஜி ஒரு காலத்தில் இந்த வார்டின் கவுன்சிலர். பதவி போய் வெகுகாலம் ஆகிறது. நடை மட்டும் போகவில்லை. இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டேதான் வருவார், கும்பிட ஆள் இல்லாவிட்டாலும்.

"வாம்மா, வா. உனக்குத்தான் என் ஆதரவு. என் ஆளுங்க எல்லாம் உள்ள உக்காந்தாச்சு."

"நன்றிங்க."

"நன்றியெல்லாம் எதுக்கு? ஒரு சின்ன விஷயம். இன்னைக்கு ஓட்டு முடிஞ்சதும், நகர சபைக்குப் போறதுக்கு இங்கேருந்து ரெண்டு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பாங்க. அங்கதான் கடைசிக் கையெழுத்து, மத்ததெல்லாம். உனக்கு டியூட்டி இருக்கும், அலைச்சல் வேற. அதை என்கிட்ட விட்டுடு."

"ஸ்டியரிங்க நான் யார்கிட்டயும் குடுத்துப் பழக்கமில்லீங்க."

மாஜி சிரித்தார். குரலைத் தணித்தார். "சரி, அது அப்புறம். இப்போ ஜெயிக்கற வழிய சொல்றேன் கேளு. உங்க அண்ணி குழந்தைய தெருவுல விட்டுட்டவ. பெத்த புள்ளையப் பாத்துக்கத் தெரியாதவ ஊர்ப் புள்ளைங்களுக்குக் காப்பகம் கேக்குறாளான்னு மேடையில ஒரே ஒரு வார்த்தை சொல்லு. முடிஞ்சுது கதை."

பாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த வார்த்தைய நீங்களோ உங்க ஆளுங்களோ உள்ள சொன்னா, நான் மேடையேறி என் கோரிக்கைய வாபஸ் வாங்கிட்டு எங்க அண்ணிக்குக் கை தூக்குவேன். சொல்லிப் பாருங்க."

"அட, உன் நல்லதுக்குத்தானே..."

"என் நல்லது கெட்டது எங்க வீட்டுல பேசிக்குவோம்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். வீட்டில் பேசியே நாளாயிற்று என்பது பாதி தூரம் போனபிறகுதான் உறைத்தது.

ஹால் நிறைந்திருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளைத்தான் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தையல் ஆலைப் பெண்கள் ஒரு பக்கம் மொத்தமாக இருந்தார்கள். சுரங்கப்பாதைக்கு அந்தப்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் இன்னொரு பக்கம். முன்வரிசையில் மாமனார், பக்கத்தில் மடியில் வாண்டுவோடு அண்ணன்.

ஒவ்வொருவர் கையிலும் இரண்டு அட்டைகள் கொடுத்திருந்தார்கள். மஞ்சள், காப்பகத்துக்கு. நீலம், சுரங்கப்பாதைக்கு. வாண்டு அதற்குள் மஞ்சள் அட்டையின் ஒரு மூலையைத் தின்றிருந்தாள்.

கூட்டத் தலைவர் மாநகராட்சியின் மூத்த அதிகாரி. மேஜையில் ஒரு மணி வைத்திருந்தார். அதை அடித்து அண்ணியை அழைத்தார்.

அண்ணி மைக்கைத் தொடவில்லை. பிரசவ அறையில் பேசிப் பேசிப் பழகிய குரல். கடைசி பெஞ்சு வரை போனது.

"பிரசவம் முடிஞ்சு வீட்டுக்குப் போற அம்மாக்களை வாசல் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விடுவேன். எப்போ மறுபடி வேலைக்குப் போவீங்கன்னு கேப்பேன். சீக்கிரம் போகணும் சிஸ்டர், இல்லேன்னா வேற ஆள் போட்டுடுவாங்கம்பாங்க. புள்ளைய யார் பாத்துப்பாங்கன்னு கேப்பேன். அதுக்குப் பதிலே வராது. சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பப் பாக்க முடியாமத்தான் இங்க வந்து நிக்கறேன்."

தையல் ஆலைப் பக்கத்தில் தலைகள் அசைந்தன.

பின்வரிசையிலிருந்து மாஜியின் ஆள் ஒருவன் எழுந்தான். "உங்க வீட்டுலதான் பாத்துக்க ஆள் இருக்கே! அப்புறம் எதுக்குங்க காப்பகம்?"

பாப்பா எழுந்துவிட்டாள். ஆனால் அண்ணி முந்திக்கொண்டாள்.

"இருக்கார். எங்க மாமா. காலம் பூரா உழைச்சு ரெண்டு புள்ளைங்கள ஆளாக்கிட்டார். இந்த வயசுல மறுபடியும் முழுநேர வேலைக்கு அவரை வெச்சிருக்கேன். லீவு கிடையாது, ஷிப்ட் கிடையாது. அவர் வாயத் திறந்து முடியலேன்னு சொல்ல மாட்டார். அதனால நான் சொல்றேன். அவருக்கும் ஓய்வு வேணும். பேத்தியோட விளையாடட்டும். காவல் காக்க வேண்டாம்."

மாமனார் தன் கையில் இருந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

அடுத்தது பாப்பா. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிய பேச்சு ஒன்று இருந்தது. மேடையேறியதும் மறந்துபோனது. அதுவும் நல்லதுக்குத்தான். நடந்ததை நடந்தபடி சொன்னாள். தண்ணீர் எப்படிச் சத்தமே இல்லாமல் ஏறியது, கதவு எப்படித் திறக்க மறுத்தது, ஒரு தாத்தா தன் பையை விட மாட்டேன் என்று அடம்பிடித்தது, அவரைத் திட்டியே காப்பாற்றியது. கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"மழை பெஞ்சா அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி இல்ல, பள்ளிக்கூடம் இல்ல, வேலை இல்ல. அடுத்த தடவை என் இடத்துல புது டிரைவர் இருக்கலாம். ஜன்னல் திறக்காம போகலாம். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம்னுதான் கேக்கறேன்."

கைதட்டல் அடங்குவதற்குள் தலைவர் மணியை அடித்தார். முகம் சரியில்லை.

"வருத்தத்தோட ஒண்ணு சொல்லணும். நேத்து சாயங்காலம்தான் பதில் வந்துச்சு. அந்தச் சுரங்கப்பாதை ரயில்வேக்குச் சொந்தம். மாநகராட்சிப் பணத்த இன்னொருத்தர் சொத்துல செலவு பண்ண விதியில இடமில்ல. அதனால இந்தக் கோரிக்கைய ஓட்டுக்கு விட முடியாது."

ஹால் கொதித்தது. குடியிருப்புக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பெஞ்சு ஒன்று சாய்ந்தது.

பாப்பாவுக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. வீடு வீடாகப் படியேறியது, டியூட்டி முடிந்த கையோடு கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசியது எல்லாம் ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக் கேட்டாள்.

"ஐயா, தண்ணி உள்ள இறங்கும்போது இது யாரோட இடம்னு கேட்டுட்டா இறங்குது?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "உங்க கஷ்டம் புரியுதும்மா. விதி அப்படி."

அப்போது மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாநகராட்சிப் பொறியாளர் கையை உயர்த்தினார். சின்ன வயதுப் பெண். இதுவரை ஒரு வார்த்தை பேசாமல் வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர்.

"ஐயா, சுரங்கம் மட்டும்தான் ரயில்வேயோடது. அதுக்கு வர்ற ரெண்டு பக்கத்து ரோடும், ரோட்டோர வடிகாலும் நம்மோடது. ரோட்டுத் தண்ணிய சரிவுல இறங்கறதுக்கு முன்னாடியே வடிகால்ல திருப்பிட்டா, உள்ள தேங்கறது பெருமளவு குறைஞ்சிடும். கோரிக்கைய சுரங்கப்பாதைன்னு இல்லாம வடிகால்னு திருத்தினா, நான் கையெழுத்து போடத் தயார்."

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஹாலே அவர் விரலைப் பார்த்தது.

"திருத்தலாம். ஆனா இறுதிப் பட்டியல் வந்தப்புறம் ஒரு கோரிக்கைய திருத்தணும்னா, பட்டியல்ல இருக்கற மத்த கோரிக்கைக்காரங்களோட சம்மதம் வேணும்."

பட்டியலில் மற்றது ஒன்றுதான். எல்லாத் தலைகளும் அண்ணி பக்கம் திரும்பின.

"சம்மதிக்காதம்மா!" இது மாஜி. காலையில் பாப்பாவுக்குக் கொடுத்த ஆதரவு எப்போதோ பக்கம் மாறியிருந்தது. "ஓட்டே வேண்டாம், நீ ஜெயிச்சாச்சு! வாயத் திறக்காம உக்காந்திரு, போதும்!"

அண்ணி முன்வரிசையைப் பார்த்தாள். அவளுக்கும் கழுத்தில் கத்திதான். அடுத்த மாதத்திலிருந்து இரவு ஷிப்டுக்கும் வரமுடியாது என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது. அண்ணன் தோளில் வாண்டு தூங்கிப்போயிருந்தாள். முடியாது என்று ஒரே ஒரு தலையசைப்பில் எல்லாம் முடிந்துவிடும். மஞ்சள் அட்டைகளை எண்ணக்கூட வேண்டாம்.

"திருத்திக்கட்டும்," என்றாள் அண்ணி. "எனக்குச் சம்மதம்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. எனக்குக் காப்பகம் வரணும். ஆனா எதிர்ல ஆளே இல்லாததால வந்த காப்பகம்னு பேராயிட்டா, அடுத்த வருஷமே இழுத்து மூடிடுவாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு அந்த பஸ் ஜன்னல் வழியா வெளிய வந்தவங்கள்ல ஒரு நிறைமாச கர்ப்பிணி இருந்தா. நனைஞ்ச துணியோட எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தா. அந்தக் குழந்தைய முதல்ல கையில வாங்கினது நான். நம்ம காப்பகத்துக்கு வரப்போற குழந்தைங்கள்ல அதுவும் ஒண்ணு. அது வர்ற வழியும் நல்லா இருக்கணும்."

பாப்பாவுக்கு இது புதுச் செய்தி. வீட்டில் ஆஸ்பத்திரிக் கதை பேசக்கூடாது என்பது அண்ணி தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அந்தக் கர்ப்பிணியின் கையைப் பிடித்து இழுத்தது இன்னும் பாப்பாவின் தோளில் வலியாக இருக்கிறது. அவள் என்ன ஆனாளோ என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

"அண்ணி..." என்று ஆரம்பித்தாள்.

"அப்புறம் பேசலாம். முதல்ல ஓட்டு," என்றாள் அண்ணி. நேரடியாகப் பேசி எத்தனை நாளாயிற்று!

மணி அடித்தது. மஞ்சள் அட்டைகளைத் தூக்கச் சொன்னார்கள்.

தையல் ஆலைப் பெண்கள் பக்கம் ஒரே மஞ்சள். அங்கங்கே மற்ற இடங்களிலும். பாப்பா எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். கண் முன்வரிசைக்கு வந்தபோது அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவின் கை உயர்ந்திருந்தது. அதில் மஞ்சள்.

மெதுவாகத் தூக்கி, மெதுவாகத்தான் வைத்திருந்தார். மகளைப் பார்த்தார். கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை. 'எனக்கு முடியலம்மா' என்று அவர் ஒரு நாளும் வாயால் சொல்லப் போவதில்லை. இதைத்தான் சொல்லமுடிந்தது. பாப்பா எண்ணுவதை விட்டுவிட்டாள். தோற்கப் போகிறோம் என்பதற்காக மட்டும் இல்லை.

அடுத்து நீலம். குடியிருப்புப் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றே தூக்கியது. அண்ணன் மேடையில் இருந்த இருவரையும் பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைத் தூக்கினான். நீலம்.

அண்ணி புருவத்தை உயர்த்தினாள். அப்பா கட்சி மாறி மருமகளுக்கு, மகன் கட்சி மாறி தங்கைக்கு. குடும்பம் இப்படித்தான் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டது.

முடிவு வந்தது. காப்பகம் ஜெயித்தது. வித்தியாசம் இரண்டு பெஞ்சுகளில் உட்காரும் ஆட்கள்தான்.

தையல் ஆலைப் பெண்களில் ஒருத்தி விசிலடித்தாள். அண்ணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். முதலில் கைதட்டியது பாப்பாதான். அதன்பிறகு மேடையோரத்துச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தாள். தட்டிய கை எரிந்தது.

பொறியாளர் குனிந்து அவளிடம் சொன்னார். "விட்டுடாதீங்க. இவ்வளவு ஓட்டு வாங்கின ரெண்டாவது கோரிக்கை நகர சபைக்குப் போகும். அங்க பொது நிதி தனியா இருக்கு. எல்லா வார்டுப் பிரதிநிதிகளும் சேர்ந்து முடிவு பண்ணுவாங்க. அங்க நின்னு பேச ஆள் வேணும், அவ்வளவுதான்."

பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிரதிநிதிகளுக்குப் பெயர் சொல்லச் சொன்னார் தலைவர். மாஜி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். யாராவது தன் பெயரைச் சொல்வதற்காகச் சுற்றிலும் புன்னகைத்தார்.

"வடிகாலுக்குப் பேச எங்க பாப்பாவ விட்டா ஆள் கிடையாது," என்றாள் அண்ணி.

அத்தனை பேர் முன்னால் 'பாப்பா'! டிப்போவிலிருந்து வந்திருந்த இரண்டு கண்டக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளைக்கு டிப்போ பூராவும் பரவிவிடும். பரவட்டும்.

"காப்பகத்துக்கு சிஸ்டர்தான்," என்றார் பழக்கடைக்காரர்.

கைகள் உயர்ந்தன. மாஜியின் ஆட்களில் சிலர்கூடத் தூக்கிவிட்டு, அவர் முறைத்ததும் தலையைச் சொறிவதுபோல இறக்கினார்கள். தலைவர் மணியை எடுத்தார். அடிப்பதற்குள் மாஜியின் குரல் வந்தது.

"ஒரு ஆட்சேபணை. ஒரே குடும்பத்துலேருந்து ரெண்டு பிரதிநிதிகள் இருக்கக்கூடாது. விதி இருக்கா இல்லையா, பாத்துச் சொல்லுங்க."

தலைவர் பார்த்தார். விதி இருந்தது. குடும்பம் என்றால் என்ன என்றும் அதிலேயே எழுதியிருந்தது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம்.

"புதன்கிழமை அதிகாரி ஒருத்தர் உங்க வீட்டுக்கு வருவார்," என்றார் தலைவர், இருவரையும் பார்த்து. "ஒரே அடுப்புதான்னா, ஒருத்தர் விலகணும். அந்த இடம் அடுத்தபடியா பேர் குடுத்தவருக்குப் போகும்."

அடுத்தபடியாகப் பெயர் கொடுக்க மாஜி அப்போதே மேடையேறிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். தெருவில் வெயில் சாய்ந்திருந்தது.

"நான் விலகிக்கறேன் அண்ணி. ஜெயிச்சது நீங்க."

"நீ விலகினா வடிகால் அவ்வளவுதான். அங்க யார் கேப்பா?"

"நீங்க விலகினா?"

"காப்பகத்த காகிதத்துலயே கட்டி முடிச்சிடுவாங்க."

"அப்போ ஒரு நாற்காலி மாஜிக்குத்தான்," என்றான் அண்ணன்.

"விடமாட்டேன்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

அதன்பிறகு நடையில் வேகம் கூடியது. அண்ணன் பின்னால் ஓடிவர வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், பரணில் கிடந்த பழைய அடுப்பை எட்டிப் பிடித்தாள். தூசி கொட்டியது. அண்ணி துணியை எடுத்து வந்து துடைத்தாள்.

"என்ன பண்றீங்க?" என்றான் அண்ணன்.

"தனிக்குடித்தனம் போறேன். மாடியில. இன்னைக்கே."

"விளையாடறியா?"

"அதிகாரி வந்து பாக்கும்போது நான் என் அடுப்புல சமைச்சு என் தட்டுல சாப்பிட்டுட்டிருப்பேன். பொய் ஒண்ணுமில்ல. நிஜமாவே சமைப்பேன்."

"உனக்குச் சமைக்கத் தெரியுமா?"

"கத்துக்குவேன்."

"சட்டி ரெண்டு தர்றேன்," என்றாள் அண்ணி. "அடுப்பப் பிடி. ஒரு பக்கம் நான் பிடிக்கறேன்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு கீழே நின்றான்.

"சண்டை போட்டுத் தனி அடுப்பு வெச்ச குடும்பத்தப் பாத்திருக்கேன். ராசியாகித் தனி அடுப்பு வெக்கற குடும்பத்த இன்னைக்குத்தான் பாக்கறேன்!"

மூன்று பேரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, அடுப்பு படியேறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அதிகாரி கேப்பார் இல்ல?" என்றார். "பெரியவர் எந்த அடுப்புல சாப்பிடறார்னு. என்னன்னு சொல்லட்டும்?"

பாதிப் படியில் அடுப்பு நின்றது. மேலே பாப்பா, கீழே அண்ணி.

"என் அடுப்புலதான்," என்றாள் பாப்பா.

"என் அடுப்புலதான்," என்றாள் அண்ணி.

ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு, ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அப்பா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார்.

"இதுக்கு மட்டும் என்னைக் கை தூக்கச் சொல்லாதீங்க."

தன் அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவர் கதவைத் தாழிட்டு யாரும் பார்த்ததில்லை.